உறையக் கூடாத பாட்டில்

சமையலறைக் குழாயில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, ஓட்கா பாட்டிலை அதன் கீழே பிடித்துக்கொண்டிருந்தாள் டீச்சர். கணவர் வேலை முடிந்து வருவதற்குள் பாட்டில் பழையபடி ஃப்ரீசருக்குள் இருந்தாக வேண்டும்.

பாட்டில் அவருடையது. உள்ளே இருந்ததோ முக்கால்வாசி ஐஸ். நல்ல சரக்கு வீட்டு ஃப்ரீசரில் உறையாது என்பது குடிக்கிற எவருக்கும் தெரியும். உறைந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

கலந்தது அவள்தான்.

கணவரின் ஈரல் இனி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், போன தடவை வந்தது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். கணவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சத்தியம் பண்ணி மீறி, பண்ணி மீறி, இப்போதெல்லாம் சத்தியம் பண்ணவே அவருக்கு வெட்கம்.

அன்று முதல், அவர் கிளம்பிப் போனதும் பாட்டிலில் இருந்து கொஞ்சம் கீழே கொட்டுவாள். அதே அளவு தண்ணீர் ஊற்றுவாள். வேதியியலைக் கரைத்துக் குடித்தவளாயிற்றே. எவ்வளவு நீர்த்தால் உறையும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல்தான் ஊற்றி வந்தாள். அளப்பதற்குப் பள்ளி ஆய்வகக் குவளை வேறு.

பிறகு கணக்கு எங்கே உதைத்தது? ஒரு சொட்டுகூட அதிகம் ஊற்றவில்லையே.

முன்பு ஒரு தடவை பாட்டிலை மொத்தமாகக் கொட்டிவிட்டாள். கோபித்துக்கொண்டு போனவர் பஸ் நிலையத் தரையில் நினைவில்லாமல் கிடந்தார். இன்னொரு தடவை அப்படிப் போனால் உயிரோடு திரும்பமாட்டார்.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பாட்டிலை மறைக்க நேரமில்லை. சமையலறைக்குள் வந்த கணவர் அவள் கையைப் பார்த்தார், ஆவி பறக்கும் குழாயைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"உறைஞ்சிருச்சா?"

"ஆமாங்க."

"சரக்கு உறையாதுன்னு உனக்குத் தெரியும் இல்ல, டீச்சர்?"

குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இனி மழுப்பிப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நான்தாங்க தண்ணி ஊத்துனேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா. என்ன வேணா திட்டுங்க. வெளியே போய் மட்டும் குடிக்காதீங்க. ஒரு நாள் உங்களைத் தேடி வந்து பொணமாப் பார்க்க என்னால முடியாது."

அவர் பாட்டிலை வாங்கி மேடைமேல் வைத்தார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அவளையே பார்த்தவரின் கண்கள் நிறைந்துவிட்டன.

"நீயும் ஊத்துனியா?"