சுவரோரச் சந்தனம்

“என் மரத்தைக் கொன்ன கை வெளங்காதுடா.”

தையல்காரர் மதில் சுவரோரம் நின்று கத்தினார். அந்தப் பக்கம் நின்றது கூடப் பிறந்த தம்பி. பெரியவர்கள் சண்டை மகள் காதில் விழக் கூடாது என்று, கத்துவதற்கு முன்பே அவளுடைய ஜன்னல் கதவைச் சாத்திவிட்டிருந்தார்.

சந்தன மரம் இலையெல்லாம் கொட்டி குச்சியாக நின்றது. முற்றத்தின் நடுவில் பார்த்துப் பார்த்து நட்ட கன்றுகள் எல்லாம் கருகிப்போக, சுவரை ஒட்டித் தானாக முளைத்த இது ஒன்றுதான் மளமளவென்று வளர்ந்திருந்தது.

தாயில்லாத மகளுக்கு நடக்க வராது. வயது ஏறியும் பேச்சு மட்டும் குழந்தைப் பேச்சு. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்தே இருப்பதில் முதுகெல்லாம் வேர்க்குரு. சந்தனக் கட்டையை இழைத்துப் பூசும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பாட்டுத்தான் பாடுவார்.

“நம்ம மரம் வைரம் பாயட்டும். சோப்புக்காரனும் அத்தர்காரனும் வாசல்ல வந்து நிப்பான். எனக்கப்புறம் அதுதான் உன்னைப் பார்த்துக்கும்.”

தம்பியின் புங்க மரம் அதன் மேல் நிழல் கட்டுகிறது, வெட்டு என்று இவர் கேட்டார். முடியாது என்றான் அவன். அத்தோடு பேச்சு நின்றது. அண்ணன் மகளைத் தினமும் சிரிக்க வைத்துவிட்டுப் போனவன் வருவதும் நின்றது. பிறகு அந்தப் புங்க மரமும் பட்டுப்போனது. அந்த வயிற்றெரிச்சலில்தான் தம்பி இதில் கை வைத்துவிட்டான் என்று தையல்காரர் அடித்துச் சொன்னார்.

நியாயம் சொல்ல ஒரு நாற்றுப்பண்ணைக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அவர் வேரோரம் தோண்டிப் பார்த்தார். பிறகு சுவரின் மேல் எட்டி, பட்டுப்போன புங்க மரத்தைப் பார்த்தார்.

“விஷந்தாங்க” என்றார்.

“கேட்டுக்கடா” என்றார் தையல்காரர்.

“இருங்க. விஷம் வெச்சது உங்க மரத்துக்கு இல்ல, அந்தப் புங்கத்துக்கு. சுவர்ப் பக்கமாத் துளை போட்டு ஊத்தியிருக்காங்க. சந்தனம் தனியா நிக்காதுங்க, பக்கத்து மரத்து வேரைக் கவ்விக்கிட்டுதான் பொழைக்கும். இத்தனை நாளா உங்க மரத்துக்குச் சோறு போட்டதே அந்தப் புங்கம்தான். அங்க ஊத்தினதை இதுவும் குடிச்சிருக்கு.”

தையல்காரர் தன் மரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தார். “பொழைக்குமா?” என்று ஒருவழியாகக் கேட்டார்.

“வாய்ப்பே இல்லீங்க. வைரமும் பாயல. இனி வெறும் விறகு.”

தம்பி வெளியே சுற்றிக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். என் மரத்துக்கு எவன் விஷம் வைத்தான் என்று கேட்பான் என எதிர்பார்த்தால், அவன் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“மரம் போனாப் போவுதுண்ணே. பாப்பாவுக்கு நான் இருக்கேன். ஒனக்கப்புறம் அவளை நான் விட்டுடுவேனா? ரெண்டு வீட்டையும் கெடுக்கணும்னு எவனோ பண்ணியிருக்கான். முதல்ல அவனைக் கண்டுபிடிப்போம்.”

தையல்காரர் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். தம்பி அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான்.

அதற்குள் ஜன்னல் கதவு திறந்தது. ரொம்ப நாள் கழித்துச் சித்தப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“சித்தப்பா, உங்க மரத்துக்கு அப்பாதான் மருந்து ஊத்துனாரு.”