கூடத்து அருவி

“நின்னு போச்சுடி” என்று கூடத்திலிருந்து கணவரின் குரல் கம்மிப்போய் வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தில் பதற்றத்தை வரவழைத்துக்கொண்டு ஓடினாள்.

நின்று போனது அருவி. கூடத்து மூலையில் செங்கல் அடுக்கி அவரே கட்டிய மீன் தொட்டியின் அருவி. அதைத் தொட்டி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். குளம் என்றுதான் சொல்ல வேண்டும்.

குளத்துத் தண்ணீரை மோட்டார் ஒரு டியூப் வழியாக மேலே ஏற்றும். ஸ்டாண்டின் மேல் இருக்கும் வடிகட்டி வாளி அதைச் சுத்தம் செய்து, அடுக்கிவைத்த கற்களின் மேல் வழியவிடும். ராத்திரி எல்லாம் நன்றாக விழும் தண்ணீர் காலையில் விழாது. டியூப் வாளியிலிருந்து கழன்று குளத்துக்குள்ளேயே தொங்கும்.

“நேத்து எவ்வளவு அழகா விழுந்துச்சு. யார் கண்ணு பட்டுச்சோ” என்றாள்.

“கண்ணுமில்லை, மண்ணுமில்லை. ஸ்டாண்டு ஒரு பக்கமாச் சாயுது. இன்னொரு கால் வைக்கணும்.”

தலையில் கட்டிய ஈரத் துண்டைக்கூட அவிழ்க்காமல் அவர் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் மரத்தில் ஒரு ஸ்டாண்டு செய்தார். அப்புறம் பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை அறுத்து இன்னொன்று. இப்போது இருப்பதன் மேல் வாளி என்ன, அவரே ஏறி உட்காரலாம்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். ஸ்டாண்டில் ஒரு குறையும் இல்லை. தினமும் அவர் குளிக்கப் போனதும், டியூபைப் பிடித்திருக்கும் கிளிப்பின் ஸ்குருவைத் தளர்த்திவிடுகிறவள் சாட்சாத் இவள்தான்.

அவள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. ஆலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்த மனிதர், ஓய்வுபெற்ற மறுநாளே சமையலறைக்கு டூட்டிக்கு வந்துவிட்டார். டப்பாக்களை உயரப்படி நிறுத்தினார். உப்பு இருந்த இடத்தில் சர்க்கரையை வைத்தார். குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு, “மூணு விசில் போதுமே, எதுக்கு நாலு?” என்று கணக்குக் கேட்டார்.

உப்புப் போட்ட டீயைக் குடித்த அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குளம் வந்த பிறகுதான் சமையலறை அவள் கைக்குத் திரும்பியது. அருவி மட்டும் சரியாகிவிட்டால் மறுபடியும் பறிபோய்விடும்.

சாயங்காலம் அவளுடைய தம்பி வந்தான். மோட்டார் மெக்கானிக். வந்தவன் அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போகக் கூடாதா? குனிந்து டியூபைப் பார்த்தான்.

“மாமா, ஸ்டாண்டு கல்லு மாதிரி நிக்குது. மோட்டாரும் நல்லா இருக்கு. இந்தக் கிளிப்புதான் லூசாகுது. ஆனா இது தானா லூசாகாதே.”

“எலி ஏதாவது…” என்று இழுத்தாள் அக்கா.

“எலி ஸ்குரு டிரைவரோட வருமாக்கா?”

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்ல நகரப் பார்த்தாள். நல்லவேளை, கணவர் குறுக்கே புகுந்தார். “அதிர்வுடா. மோட்டார் ஓடுற அதிர்வுல லூசாகும். அதை விடு, வேற ஏதாவது பேசு.”

தம்பி விடுகிறவனா? பையிலிருந்து பசையை எடுத்து டியூபை வாளியோடு ஒட்டினான். கிளிப்பை முறுக்கி, ஸ்குருவின் தலையையும் பசையால் மூடினான். “இனிமே நீங்களே நினைச்சாலும் கழட்ட முடியாது மாமா” என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

அருவி சலசலவென்று கொட்டியது. “ரொம்ப நல்லா இருக்கு” என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தாள். தம்பி போன பிறகும் அவர் அருவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ம், நல்லாத்தான் விழுது” என்றார். குரலில் சுரத்தே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றார். “அந்த மேல் தட்டை நாளைக்குக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணலாமா?”

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் அவள் ஸ்குரு டிரைவரோடு குளத்தருகே உட்கார்ந்தாள். பசை பாறையாக இறுகிக் கிடந்தது. கூடப்பிறந்தவனை மனதார நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்தாள்.

சமையலறைக்கு வந்தால் காய்கறிக் கத்தி வைத்த இடத்தில் இல்லை. சரிதான், மனிதர் அதற்குள் ஒழுங்கு பண்ண ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். தன் டப்பாக்களை ஒருமுறை ஆசை தீரப் பார்த்துக்கொண்டாள்.

கூடத்தில் குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அருவியின் சலசலப்பு சட்டென்று நின்றது.

இந்த முறை அவள் நிஜமாகவே பதறி ஓடினாள். பசை போட்ட இடத்துக்குக் கீழே டியூப் அறுந்து, குளத்துக்குள் தொங்கியது. அவர் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, இன்னிக்கு நான் தொடவே இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்தார். காய்கறிக் கத்தியைத் துண்டில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

“தெரியும். இன்னிக்கு என் முறை.”