ஒரு புத்தகம் முந்தி

"ஆர் அந்தக் கள்ளன்? பேரைச் சொல்லு புள்ள!"

நல்லரத்தினம் மேசையில் அடித்த அடியில், நூலகத்துக்குப் பின்னால் வாவிக்கரையில் தூங்கிக்கொண்டிருந்த கொக்குகள் அத்தனையும் எழும்பிக் கிரான் பக்கம் பறந்தன. அவை இன்னும் திரும்பவில்லை என்று கேள்வி.

நூலகப் பொறுப்பாளர் ஸஹீதா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், ஆரு எந்தப் புத்தகத்த எடுத்ததெண்டு வெளியில சொல்ல ஒண்ணா. சட்டம் அப்பிடி."

"சட்டமாம் சட்டம்! அஞ்சு புத்தகம், புள்ள! நான் தேடி வாற ஒவ்வொண்டையும் எனக்கு ஒருநாள் முந்தி அவன் கொண்டு போறான். ரெண்டு கிழமை காத்திருந்து அவன் திண்ட மிச்சத்தத்தான் நான் திண்ணுறன்!"

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் வாய்க்கால் அளந்து ஓய்வு பெற்றவர் நல்லரத்தினம். ஒரு வாய்க்கால் இன்னொரு வாய்க்காலில் போய் விழுவதைப் பார்த்துப் பழகிய கண், இப்போது புத்தகங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

எல்லாம் ஒரு நண்டால் வந்த வினை. மூன்று மாதத்துக்கு முன் சந்தையில் வாங்கிய நண்டுக்குள் சதையே இல்லை. ஏன் என்று பார்க்க நண்டுப் புத்தகம் எடுத்தார். அது நிலவைக் கைகாட்டியது. நிலவுப் புத்தகம் கடல் பெருகி வற்றுவதைச் சொல்லிப் பாய்க்கப்பலில் ஏற்றிவிட்டது. கப்பலில் மாலுமிகள் தேசிக்காய்ச் சாறு இல்லாமல் பல் கொட்டிச் செத்தார்கள். ஆகவே வைத்தியப் புத்தகம். தேசிக்காயைப் பிடித்துக்கொண்டு போனால் ஊறுகாய்ப் புத்தகம். ஊறுகாயிலிருந்து உப்பு.

நாளைக்கு வாசகர் வட்டத்தில் அவர் பேச்சு. தலைப்பு அவரே கொடுத்தது: 'ஆறு புத்தகம், ஒரு கயிறு.' ஊர் முழுக்க, ஏன், மட்டக்களப்பு பஸ் நிலையம் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஆறாவதான உப்புப் புத்தகம் மட்டும் கையில் இல்லை.

"கயிறு பாதியில அறுந்து நிண்டா நம்மட வாசகர் வட்டத்து மின்ஹாஜ் மாஸ்டர் சிரிப்பார், புள்ள. அந்தாள் சிரிச்சா ஏறாவூரில கேட்கும். இது அவர்ட வேலையாத்தான் இருக்கும்!"

"அவர் கண் ஒப்பரேஷன் செஞ்சு ஆறு கிழமை, சேர். பேப்பரே வாசிக்கல்ல."

"அப்ப ஆரு? நான் மனசில நினைச்சத அவன் எப்பிடி அறியிறான்? சூனியம் செய்யிறானா?"

ஸஹீதா தேதி முத்திரையைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"சேர், போன்ல தட்டிப் பாருங்களேன். உப்பைப் பற்றி எவ்வளவும் வரும். இல்லாட்டி ஆரும் வாசிச்ச ஆக்களிட்டக் கேளுங்க."

"கேட்கிறதா!" நல்லரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. "ஒரு புத்தகத்தில இருந்து மத்தப் புத்தகத்துக்கு ஓடுற கயிற நானாப் பிடிக்கோணும், புள்ள. அது ஒரு சுகம். ஆரும் எனக்கு முந்திச் சொல்லிப்போட்டா, வேற ஆள் கடிச்ச மாம்பழம் மாதிரி! எப்ப வரும் அந்தப் புத்தகம்?"

"இண்டைக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்குள்ள வரோணும்."

"அப்ப சரி." கதிரை ஒன்றை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கள்ளன் இந்த வழியாலதான் வரோணும்."

காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவர், வந்தவர் எல்லோருடைய பையையும் கண்ணாலேயே சோதனை போட்டார். பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கமாக வழி தேடினார்கள். பேப்பர் வாசிக்க வந்த ஒருவர், பக்கம் புரட்டும் சத்தத்துக்கே மன்னிப்புக் கேட்டார்.

"சேர், சாப்பிட்டுட்டு வாங்களேன்," என்றார் ஸஹீதா, ஒரு மணிக்கு. கெஞ்சல் மாதிரி இருந்தது.

"அசைய மாட்டன்."

அப்போது போன் அடித்தது. மனைவி சீதேவிப்பிள்ளை. அந்த அம்மாவின் குரலுக்குப் போனே தேவையில்லை. ஒலிபெருக்கி போடாமலேயே வாசிப்பு அறை முழுக்கக் கேட்டது.

"இஞ்சேருங்க, சோறு ஆறுது. எப்ப வாறீங்க?"

"கள்ளனைப் பிடிக்காம வரமாட்டன்!"

"பைத்தியம் புடிச்சிட்டா உங்களுக்கு? எழும்பி வாங்க."

"அவன் புத்தகத்தக் கொண்டுவரட்டும், எழும்புறன்!"

 மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"நீங்க வாசல்ல குந்திக்கிட்டிருந்தா, நான் எப்பிடிக் கொண்டு வாற? ரெண்டு தரம் கேற்றடி வரைக்கும் வந்து கிறுகிப் போயிட்டன்."

நல்லரத்தினம் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.  ஸஹீதா மேசைக்குக் கீழே எதையோ தேடுவதற்குக் குனிந்துவிட்டார்.

"நீ… நீயா? நீ எதுக்கு…?"

"பின்ன என்ன! கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் கையில எடுக்கிற புத்தகத்திட முடிவெல்லாம் சோத்துக் கோப்பையில கைய வச்சதும் நீங்க சொல்லிப்போடுறீங்க. அடுத்ததா எந்தப் புத்தகம் எடுக்கப் போறீங்க எண்டதையும் அந்த வாய்தான் சொல்லுது. அதான் நானும் ஒரு லைப்ரரிக் காட் எடுத்து முந்திக்கிட்டன். மறுகா கேளுங்க, அந்த உப்பு கடைசியா எந்தப் புத்தகத்தில போய் முட்டுதெண்டா…"

"ஐயோ, வேணாம், சொல்லாத!" என்று நல்லரத்தினம் கத்தக் கத்த, சீதேவிப்பிள்ளை முப்பத்தெட்டு வருடக் கடனைத் தீர்க்கிற ஆறுதலோடு, ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினார்.