வழுக்கி விழுந்த கதை

"பாத்ரூம்ல ஞாயித்துக்கிழமை விழுந்தேன்னு சொன்ன. நானும் வீட்லதானே இருந்தேன், சத்தமே கேக்கலையே?" என்றார் அவர், ஸ்கேன் அறை வாசலில்.

மனைவி வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் ஒரு பெரிய கிடங்கில் சூப்பர்வைசர். தோள் வலி என்று லீவு கேட்டு வருகிறவனின் முகத்தைப் பார்த்ததுமே நிஜமா நடிப்பா என்று சொல்லிவிடுவார். அவரிடம் யார் பருப்பும் வேகாது. வீட்டில் மட்டும் வெந்துவிடுமா?

ஸ்கேன் முடிந்து அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லையே டாக்டர். சும்மா வேலைக்கு டிமிக்கி குடுக்கறா."

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். தசைநார் இதுலதான் தெரியும். இங்க பாருங்க, தோள்ல முழுசா கிழிஞ்சிருக்கு."

அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "தைச்சுட்டா கை பழையபடி மேல எழும்புமா?"

"புதுக் கிழிசல்னா தைச்சிடலாம். இது பழசு. தசை கருப்பாத் தெரியணும், நடுவுல வெள்ளை வெள்ளையா இருக்கு பாருங்க. கொழுப்பு. இப்படி ஆக ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும். தைச்சாலும் நிக்கறது சந்தேகம்."

கவலையையும் மீறி அவருக்கு ஒரு பெருமிதம். "நான்தான் சொன்னேனே, வழுக்கி விழுந்ததெல்லாம் கதை. என்கிட்டயே காது குத்தறா."

டாக்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி தினமும் கனமா எதையாவது தூக்கினாங்களா? இழுத்து, புரட்டி, தூக்கி உக்கார வைக்கற மாதிரி?"

"அவளா? ஒரு வாளி தண்ணி தூக்க விட்டதில்ல டாக்டர். சிலிண்டர்கூட நான்தான் நகர்த்துவேன்."

"அந்த சமயத்துலயும் நீங்கதானா?"

"அப்ப நான் எங்க... லாரியில இருந்து விழுந்து இடுப்பு உடைஞ்சு அஞ்சு மாசம் படுத்த படுக்கையா இருந்தேன். ஆள் வெச்சுக்கலாம்னு சொன்னேன். எதுக்கு, நான் இருக்கேன்லன்னு..."

கையிலிருந்த வளையல்களைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

ரிப்போர்ட்டில் எதையோ குறித்தபடி, நிமிராமலே கேட்டார் டாக்டர். "சரி, தூக்கினது சுமாரா எவ்வளவு கனம் இருக்கும்?"

"எண்பத்தெட்டு கிலோ டாக்டர்" என்றார் அவர். "இப்பதான் கொஞ்சம் இளைச்சிருக்கேன்."