பின்பெட்டியில் ரோஸ்லின்

சுவரையே பார்த்துப் படுத்துக் கிடக்க முடியவில்லை என்று நோயில் விழுந்த மனைவி ரோஸ்லின் அழுததால், இரண்டு பெட்டிகளை நடுவில் வளைந்து கொடுக்கும் துருத்தி போட்டு இணைத்த பழைய நெடும்பேருந்தொன்றை வாங்கி வீடாக மாற்றினார் தேவசகாயம். பின்பெட்டியில் சன்னலோரமாக அவளுக்குக் கட்டில் போட்டார்.

“நடுவுல கதவு வைக்கட்டுமாண்ணே?” என்று தச்சர் கேட்டார்.

“வேண்டாம்டே. ஓட்டும்போது அவ என் கண்ணுல படணும்.”

நேர்ச்சாலையில், தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மலை ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவிலும் பின்பெட்டி ஒதுங்கி அவள் மறைந்துபோனாள்.

“இருக்கியாட்டி?”

“இங்கனதான் இருக்கேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

உச்சிக்குச் சற்று முந்தைய வளைவில் பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டார். முன்னால் சாலை நேராகத் தொடங்கியது. நேரானால் கண்ணாடியில் அவள் தெரிவாள். தேவசகாயம் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.