பாலத்துக்கு ஒரு நிமிடம்

அவையில் பேச ஒரு நிமிடம் வேண்டுமென்றால், காலை பத்து மணிக்குள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் குலுக்கல். அந்த உறுப்பினர் நேற்றுவரை நாற்பத்திரண்டு முறை கொடுத்துவிட்டார். அவர் பெயர் வந்தபாடில்லை.

“இன்னைக்கும் பாலமா சார்?” என்பார் சீட்டு வாங்கும் குமாஸ்தா.

“வேற என்னய்யா எழுத? தூண்ல கை நுழையற அளவுக்கு விரிசல். தொகுதியில தலைகாட்ட முடியல.”

“வேற ஏதாவது எழுதிப் பாருங்களேன். ராசி மாறும்.”

இன்று அவர் வெறுங்கையோடு வந்து நின்றார். குமாஸ்தா தலை நிமிரவில்லை.

“சீட்டு வேண்டாம் சார். ஒரு நிமிஷம் ஒதுக்கிட்டாங்க. முதல் வேலையே உங்க பாலம்தான்.”

“தெரியும்யா. சபாநாயகர் போன் பண்ணார்.”

பதினொரு மணிக்கு அவை நிரம்பியிருந்தது. எந்நாளும் எட்டிப் பார்க்காத அமைச்சர்கள்கூட வந்திருந்தார்கள். பின்வரிசையில் வழக்கமாகத் தூங்குகிறவர் விழித்திருந்தார். சபாநாயகர் பாலத்தின் பெயரைப் பிழையில்லாமல் வாசித்தார்.

உறுப்பினர் எழுந்தார். கூடவே அவை முழுவதும் எழுந்து நின்றது. யாரும் குறுக்கே பேசவில்லை, மேசையைத் தட்டவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு சுற்று வந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று பாலம் இடிந்து ஆற்றோடு போன பதினேழு பேருக்கான மௌன அஞ்சலி அத்துடன் முடிந்தது.

“எல்லாரும் உட்காரலாம்,” என்றார் சபாநாயகர். “அடுத்த அலுவல்.”