முதல் வார்த்தைப் பக்கம்

"இந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் டீச்சர் வெறுமனே கிடக்கு?"

தையற்கடைக்காரி நாட்குறிப்பை மேசைமேல் விரித்து விரலை வைத்தாள். மேலே 'முதல் வார்த்தை' என்று தலைப்பு. கீழே ஒன்றுமில்லை.

ஆசிரியை நிமிரவில்லை. குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்குவதில் முனைந்திருந்தார்.

"எழுத ஒண்ணும் இல்லைம்மா. அதான்."

தத்துக் கொடுக்கப்படும் வரை குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்த்துத் தருபவர் அந்த ஆசிரியை. அந்த முதல் வருடத்தை நாட்குறிப்பில் எழுதி, அழைத்துப்போக வருகிறவர்களிடம் ஒப்படைப்பது குழந்தைகள் இல்லத்தின் வழக்கம். இன்று பையனை அழைத்துப்போக வந்திருந்தவர்கள் தையற்கடைக்காரியும், பேருந்து ஓட்டுநரான அவள் கணவனும்.

நாட்குறிப்பில் வேறு குறை சொல்ல இடமில்லை. பையன் குப்புற விழுந்தது, மிக்சிச் சத்தத்துக்கு வீறிட்டது, கண்ணாடியில் தன்னைக் கண்டு கோபித்துக்கொண்டது, எல்லாம் பதிவாகியிருந்தன. முதல் பல் கீழ்வரிசையில் இடப்பக்கம் முளைத்ததும், அதன் கூர்மை ஆசிரியையின் விரலில் சோதிக்கப்பட்டதும் உட்பட.

கணவன் பையனை மடியில் இருத்தி, ஒரு தட்டை ஸ்டியரிங் போலத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, படியில நிக்காதீங்க. உள்ள வாங்க, உள்ள வாங்க. இடமெல்லாம் காலியாத்தான் இருக்கு."

பையன் வாயெல்லாம் சிரிப்பாகச் சிரித்தான்.

"பல்லு எந்தப் பக்கம் முளைச்சதுன்னு வரைக்கும் எழுதியிருக்கீங்க. பேச்சு மட்டும் எப்படி டீச்சர் விட்டுப்போச்சு?"

"விட்டுப்போகலைம்மா. துரை இன்னும் வாயைத் திறக்கலை."

"அடுத்த மாசம் பிறந்தநாள் வருது. எங்க எதிர்வீட்டுப் பாப்பா இவனைவிடச் சின்னது. நாயைப் பார்த்தா நாய்ங்குது. பூனையைப் பார்த்தாலும் நாய்ங்குது."

"அப்ப அதுக்கு நாயும் தெரியாது, பூனையும் தெரியாது," என்றான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க."

மடியிலிருந்து நழுவிய பையன் தவழ்ந்துபோய் ஆசிரியையின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றான். முகத்தை அண்ணாந்து பார்த்தான். உதடுகள் கூடின.

"ம்ம்..."

பக்கத்துக் கிண்ணத்திலிருந்து மசித்த வாழைப்பழம் ஒரு கரண்டி சட்டென்று வாய்க்குள் போனது.

"துரைக்குப் பசி."

"இப்பதானே டீச்சர் பால் குடிச்சான்?"

"வளர்ற பிள்ளை."

அதை விழுங்கிவிட்டு அவன் மறுபடி அண்ணாந்தான். "ம்..." மறுபடி வாழைப்பழம். அதையும் விழுங்கி அவன் உதடு கூட்டியபோது, ஆசிரியை அவனை அள்ளித் தையற்கடைக்காரியின் கையில் கொடுத்துவிட்டு, "பால் புட்டியை மறந்துட்டேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

தையற்கடைக்காரி கணவன் பக்கம் சாய்ந்தாள்.

"பார்த்தீங்களா? வாயைத் திறந்தாப் போதும், எதையாவது வெச்சு அடைச்சுடறாங்க. அப்புறம் பேச்சு எங்கேருந்து வரும்?"

"மெதுவா. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. இவனோட இந்த ஒரு வருஷம் எனக்குக் கிடைக்கலைங்க. இதுல எழுதியிருக்கறதுதான் எனக்குன்னு மிச்சம். முதல் பேச்சைக் கேக்கத்தான் கொடுத்து வைக்கலை. என்ன பேசினான்னு தெரிஞ்சுக்கக்கூடவா கூடாது?"

ஆசிரியை புட்டியுடன் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கேட்டாரா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை.

"சூடா இருக்கு. கொஞ்சம் ஆறட்டும்," என்றார்.

தையற்கடைக்காரிக்கு அடக்க முடியவில்லை.

"மனசுல வெச்சுக்கிட்டுப் போகக் கூடாது டீச்சர், கேட்டுடறேன். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்லித் தர்றீங்க. இவன்கிட்ட உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிப் பழக்க உங்களுக்கு நேரமில்லையா?"

கணவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"குறைதான்மா," என்றார் ஆசிரியை. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நீங்க பேசிப் பழக்குங்க. சீக்கிரம் பிடிச்சுப்பான்."

மறுத்துச் சண்டைக்கு வந்திருந்தால்கூட ஆறியிருக்கும். இந்த ஒப்புதல்தான் தையற்கடைக்காரியை இன்னும் சுட்டது. நாட்குறிப்பைப் பையில் திணித்தாள். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

வாடகைக் கார் தெருவில் நின்றது. ஆசிரியை கம்பி போட்ட வெளிக்கதவு வரை வந்தார். பையனின் காலுறை நழுவியிருந்ததை இழுத்துச் சரிசெய்தார். முத்தமிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்புறம் நின்றார்.

"வர்றோம் டீச்சர்," என்று கணவன் காரின் கதவைத் திறந்தான்.

ஆசிரியை உடன் வரவில்லை என்பது பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. தையற்கடைக்காரியின் தோளுக்கு மேலாக, ஆசிரியையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அம்மா!"

மழலைக் குழறல் இல்லை. நெடுநாள் சொல்லிப் பழகிய சொல்லாக, தெளிவாக வந்தது.

"அம்மா... அம்மா..."

காரில் ஏற எடுத்த காலைத் தையற்கடைக்காரி கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

ஆசிரியை கம்பிக் கதவை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு புன்னகைத்தார்.

"பார்த்தீங்களா, உங்களைத்தான் கூப்பிடறான். இன்னைக்குத் தேதி போட்டு எழுதிக்கோங்கம்மா."

தையற்கடைக்காரி கதவருகே திரும்பி வந்தாள். நீட்டிய கைகள் எட்டும்படி பையனை உயர்த்திப் பிடித்தாள்.

"எழுதறேன் டீச்சர். யாரைப் பார்த்துக் கூப்பிட்டான்னும் சேர்த்து எழுதறேன்."